வெளியே சொல்ல முடியாத விண்ணப்பம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டெல்லியில் வெயில் தலைகாட்டத் தொடங்கிய ஏப்ரல் மாதத்தில் இது ஆரம்பித்தது. முடிந்தபோது மழைக்காலம் வந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் என்னைப்போல் விவரமான ஆள் டெல்லியிலேயே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

நான் மத்திய அரசு ஊழியன். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வீட்டு ஜெபம் நடத்துவோம். ஒரு வாரம் எங்கள் வீடு, அடுத்த வாரம் முனீர்கா, அதற்கடுத்து லஜ்பத் நகர், கடைசியில் ஆர்.கே.புரம், பிறகு மறுபடி எங்கள் வீடு. முனீர்காவில் இருப்பது மதுரைக்கார அக்கா குடும்பம். அங்கே அவர்களுக்குச் சொந்த ஃபிளாட் உண்டு. லஜ்பத் நகரில் ஒரு டீச்சர், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள். ஆர்.கே.புரத்தில் அண்ணாச்சியும் அவர் மனைவியும். அண்ணாச்சிதான் கூட்டத்தை நடத்துவார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவர் ஜெபம் செய்தால் கீழ் வீட்டு பஞ்சாபிக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்.

என் பங்கு கீபோர்டு. நான் பிரமாதமாக வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. கீபோர்டுக்கு என் மனைவி, குளிருக்குப் போர்த்தும் பழைய ரஜாய் ஒன்றை வெட்டி, பஞ்சு வைத்துத் தைத்த கனமான உறை ஒன்று செய்து கொடுத்திருந்தாள். அந்த உறையில் போட்டு ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு போவேன். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டிலேயே ஒரு வாரம் விட்டுவிட்டு வருவேன், பிள்ளைகள் பழகட்டும் என்று. அடுத்த சனிக்கிழமை நானே போய் எடுத்து அடுத்த வீட்டில் சேர்ப்பேன்.

அந்த ஏப்ரலில் மீரட்டில் ராணுவத்தில் இருக்கும் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். கீபோர்டையும் கொண்டு போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு கட்டில் உள்ள அறை கொடுத்தார்கள். ஒன்றில் நான் படுத்தேன்; இன்னொன்றில் என் கீபோர்டைப் படுக்க வைத்து, ஏசி காற்று படாமல் போர்வையும் போர்த்தினேன். மெத்தையின் ஓரத் தையலில் பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தன. யாரோ கணக்கு எழுதுகிறவர் தங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

டெல்லி திரும்பிய அதே வாரம் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். அறை வெகு தூரம், இரண்டு பஸ் மாற வேண்டும். டியூட்டி முடிந்து தோளில் பெரிய பையோடு நேராக வருவாள். மெல்லிய குரல். ஆனால் பாட ஆரம்பித்தால் என் கீபோர்டு எங்கே சுருதி தப்புகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் எனக்கு அவள்மேல் முதல் நாளிலிருந்தே சின்ன வருத்தம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஜெபத்துக்கான விண்ணப்பங்களைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவோம். அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். வழக்கமாக வருவதெல்லாம் டிரான்ஸ்ஃபர், பிள்ளைகளின் பரீட்சை, முட்டிவலி. மே மாதக் கடைசியில் ஒரு சீட்டு வந்தது: 'வெளியே சொல்ல முடியாத ஒரு பாரம் உண்டு. ஜெபிக்கவும்.' அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அடுத்த வாரம் அதேபோல இரண்டு சீட்டு. அதற்கடுத்த வாரம் மூன்று. மூன்றும் வேறு வேறு கையெழுத்து. ஒன்றில், 'ராத்திரி தூக்கம் இல்லை' என்று கூடுதலாக ஒரு வரி.

அண்ணாச்சி நடுங்கிப்போனார். நான்கே குடும்பம் உள்ள கூட்டத்தில் மூன்று பேருக்கு வெளியே சொல்ல முடியாத பாரம். யார் வீட்டில் குடும்பம் பிரிகிறது, யாருக்கு வேலை போகப்போகிறது, யாருக்கு என்ன நோய் என்று அவராக என்னென்னவோ யோசித்து, வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கத் தொடங்கினார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அவர் மனைவி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. 'ஆத்துமாக்க தவிச்சுக்கிட்டு கெடக்கு, நான் எப்படி சோறு திங்க' என்றாராம்.

அந்தப் பாரம் என்னவென்று கூட்டத்தில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். கீபோர்டை எடுக்க முனீர்காவுக்குப் போனபோது மதுரைக்கார அக்கா என்னை சோபாவில் உட்கார விடவில்லை. வராந்தாவிலேயே டீ கொடுத்தார். அங்கே வெயில் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே போகலாமே என்றேன். அக்கா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, என் அருகில் வந்து கிசுகிசுத்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீகண்ணே. வீட்ல மூட்டைப்பூச்சி."

ஒரு மாதமாகப் போராடுகிறார்களாம். கட்டில் சந்தில் மண்ணெண்ணெய்கூடத் தடவிப் பார்த்தாயிற்றாம். பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு மருந்து அடித்திருக்கிறார்கள். அதில் அக்காவுக்கே மூச்சுத் திணறல் வந்ததுதான் மிச்சம்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் லஜ்பத் நகருக்குப் போனால், அங்கே டீச்சர் என்னை மாடிப்படியிலேயே மடக்கி அதே விஷயத்தை அதே குரலில் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அப்போது நான், 'கவலைப்படாதீங்க டீச்சர், உங்க வீட்ல மட்டும் இல்ல' என்று ஆறுதலாக ஆரம்பித்து, முனீர்கா விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியில் ஒரு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தபோது என் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் புதிதாக வந்தது யார்? அந்த நர்ஸ் பெண். எப்போது வந்தாள்? ஏப்ரலில். எங்கே தங்குகிறாள்? நாலு பேர் படுக்கிற அறையில். தோளில் என்ன? பெரிய பை. முடிந்தது விசாரணை. பச்சை விளக்கு எரிந்து பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததுகூட என் காதில் விழவில்லை. என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில், பஞ்சு வைத்த உறைக்குள், கீபோர்டு சுகமாக வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். பிறகு டீச்சருக்கு. அந்தப் பெண்ணைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். "பாவம், அது என்ன செய்யும், தங்கியிருக்கிற இடம் அப்படி" என்றுதான் சொன்னேன். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். மூட்டைப்பூச்சி துணியில், பஞ்சில், மரத்தில் ஏறும், பிளாஸ்டிக்கில் ஏறாது. ஆகவே அந்தப் பெண் வரும்போது மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுங்கள். பையை வாசலிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மனைவியிடமும் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் மட்டும் இது இல்லை பார்த்தாயா, சுத்தமாக வைத்திருந்தால் ஏன் வரப்போகிறது, நம் வீட்டில் ஒரு பூச்சி வந்தால் நான் வெட்கத்தில் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்றெல்லாம் பேசினேன். அவள் சப்பாத்தியை இன்னும் வேகமாகத் தேய்த்தாள். அப்போது அவள் கை முழுக்க அரிப்பு. கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்தான் கண்டுபிடித்து, ஊரிலிருந்து வந்த கருவாட்டை ஒரு மாதமாகத் தொட விடாமல் வைத்திருந்தேன். நானும் அதே கட்டிலில்தான் படுத்தேன், எனக்கு ஒரு தடிப்பும் இல்லை, ஆகவே கருவாடுதான். இதுவும் என் விசாரணை முறை.

எங்கள் வீட்டு முறை வந்தது. கூலர் ஒரு பக்கம். அதன் எதிரே பாயிலும் திவானிலும் எல்லாரும். வாசல் பக்கம், காற்றே வராத மூலையில், நானே துடைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அந்தப் பெண் பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வந்திருந்தாள். உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டினேன். ஒரு கணம் திவானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "தேங்க்ஸ்ணா" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். பையை வெளியே வைத்துவிடலாமே, இடம் நெருக்கம் என்றேன். வைத்தாள். ஒரு மணி நேரம் அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பாடினாள். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், யோசனை எவ்வளவு நாசூக்காக வேலை செய்கிறது என்பதுதான்.

அடுத்த வாரம் முனீர்காவிலும் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கடுத்து லஜ்பத் நகரிலும் பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே ஒரு குழந்தை அவள் மடியில் ஏறப் போக, டீச்சர் எழுந்து ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. முனீர்கா அக்கா வீட்டு மொட்டை மாடியில் காலியாக ஒரு அறை இருந்தது. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதாக முன்பே பேசி வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அங்கிருந்து ஒரே பஸ். அவள் தன் பழைய அறையைக் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டாள். என் போனுக்குப் பிறகு அக்கா மனம் மாறி, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அறை இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். அவளுடைய இடத்தில் அதற்குள் வேறொரு பெண் வந்துவிட்டதால், அதே அறையில் இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் படுத்துக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜூன் கடைசியில் ஆர்.கே.புரத்தில் அண்ணாச்சி வீட்டு முறை. அன்று அண்ணாச்சி ஜெபத்தை ஆரம்பிக்கவே இல்லை. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வெள்ளிக்கிழமை பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தது. வழக்கமான குரல் இல்லை.

"நான் யாரு எவருன்னு கேக்கல. ஆனா இனியும் இப்படி உள்ளுக்குள்ள வச்சுப் புழுங்காதீங்க. எதுவா இருந்தாலும் நாம சேந்து தாங்கிக்கிடலாம். சொல்லுங்க."

அக்கா கூரையைப் பார்த்தார். டீச்சர் வளையலைத் திருகினார். என் மனைவி தலையில் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் எல்லாம் தெரிந்தவனாக உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு சந்தேகம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது: முனீர்கா ஒன்று, லஜ்பத் நகர் ஒன்று, அந்த மூன்றாவது சீட்டு யாருடையது?

வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது.

"அண்ணாச்சி, தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. எல்லாருக்கும் ஒரே பிரச்சினைன்னுதான் எனக்குத் தோணுது. மூட்டைப்பூச்சி."

அறையில் பாத்திரம் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். டீச்சரும் என்னைப் பார்த்தார். நான் என் கீபோர்டைப் பார்த்தேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் தடிப்பு மூன்று மூன்றாக வரிசையில் இருக்கிறது. கொசு வரிசையில் நின்று கடிக்காது. மருத்துவமனைக்கு நோயாளிகளோடு துணைக்கு வருகிறவர்களின் பாயில், பையில் இது அடிக்கடி வரும். அதனால் நர்ஸ்கள் மெத்தையைத் தையல் தையலாகத் தடவிப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். இது அழுக்கால் வருகிற வியாதி இல்லை. பணக்கார ஹோட்டலிலும் உண்டு, ரயிலிலும் உண்டு. இதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை.

அண்ணாச்சி மெதுவாக அவளைப் பார்த்தார், பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"அப்போ மூணு வெள்ளிக்கெழம நான் பட்டினி கெடந்தது மூட்டைப்பூச்சிக்கா?"

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பிறகு டீச்சர் சிரித்தார், அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். இரண்டு மாதமாகப் பூட்டி வைத்திருந்த வாய்கள் திறந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். என் பையனுக்கு முதுகில், எனக்குக் கணுக்காலில், நான் கட்டிலையே கழற்றி வெயிலில் போட்டேன், நான் தலையணையைத் தூக்கிப் போட்டேன் என்று ஒரு சாட்சிக் கூட்டமே நடந்தது.

அவள் ஒவ்வொருவரிடமும் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். முனீர்காவில் ஏப்ரல் கடைசியில். லஜ்பத் நகரில் மே இரண்டாவது வாரம். அண்ணாச்சி வீட்டில் இல்லவே இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை என்று நான் அழுத்தமாகச் சொன்னேன். அவள் அண்ணாச்சி மனைவியைப் பார்த்து, கீபோர்டு ஒரு வாரம் இங்கே இருக்கும்போது எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். இரும்பு பீரோ மேலே என்றார் அவர். ஊரெல்லாம் சுற்றி வருகிற சாமானைக் கட்டிலில் வைக்க விட மாட்டாராம். மற்ற இரண்டு வீட்டிலும் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். கட்டிலில் என்றார்கள் இருவரும்.

"அண்ணா, உங்க கீபோர்டு உறைய ஒரு தடவ பாக்கலாமா?"

தாராளமாகப் பார், என் மனைவி கையால் தைத்தது, மாதம் ஒரு முறை வெளியே துடைக்கிறேன் என்றேன். எனக்கு அவள்மேல் இரக்கமாகவே இருந்தது. பாவம், தன் மேல் வந்த பழியைத் தள்ள வழி தேடுகிறாள் என்று.

அவள் அண்ணாச்சி வீட்டு வெள்ளை விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்து, கீபோர்டை உறையோடு அதன் நடுவில் வைத்தாள். ஜிப்பைத் திறந்து உறையை விலக்கினாள். பர்ஸிலிருந்து பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்து, உறையின் ஓரத் தையலில் அதன் விளிம்பை மெல்ல ஓட்டினாள். வெள்ளை விரிப்பில் கறுப்புத் தூள் கொட்டியது. கூடவே வெங்காயச் சருகு போல மெல்லிய தோல்கள். மீரட் லாட்ஜில் நான் பார்த்த அதே மைப்புள்ளிகள், வரிசையாக, தையல் நெடுக. அவள் இன்னொரு முறை ஓட்டினாள். ஆப்பிள் விதை அளவில் பழுப்பாக ஒன்று வெளியே விழுந்தது. அது அவசரப்படவில்லை. உறையிலிருந்து இறங்கி, கீபோர்டில் ஏறி, எல்லாரும் பார்க்க வெள்ளைக் கட்டை ஒன்றின் நடுவில் வந்து நின்றது.

டீச்சரின் மகன் குனிந்து பார்த்து, "அங்கிள், யே தோ மா பர் கடா ஹை" என்றான். ஸரிகமவில் 'ம'வில் நிற்கிறதாம். அந்தக் கட்டையை நான்தான் அவனுக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே பிடி எங்கள் வீடுதான். அப்படியானால் முதலில் என் வீட்டில்தானே வந்திருக்க வேண்டும், என் வீட்டில்தான் இல்லையே, நான் கட்டிலில்தானே படுக்கிறேன், எனக்கு ஒன்றும் கடிக்கவில்லையே என்றேன். சில பேருக்குக் கடித்தாலும் தடிக்காது என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, என் மனைவி பேசினாள்.

"நம்ம வீட்டுலயும் இருக்கு. மே மாசமே பாத்துட்டேன்."

நான் ஆபீஸ் போன பிறகு தினமும் கட்டில் சந்துகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியிருக்கிறாள். படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டிருக்கிறாள். நான் வருவதற்குள் எல்லாவற்றையும் காயவைத்து, பழையபடி விரித்து வைத்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. நான் சப்பாத்தி நேரத்தில் பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் இருந்தது. மூன்றாவது சீட்டு யாருடையது என்றும் இனிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வருடமாக மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் தெரியவில்லை. 'ராத்திரி தூக்கம் இல்லை' என்ற வரியும் அவளுடையதுதான்.

பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கியவன் நான்.

அதன் பிறகு எல்லாம் அந்தப் பெண் சொன்னபடி நடந்தது. ஒரு வீட்டில் அடித்தால் இன்னொரு வீட்டிலிருந்து வரும், ஆகவே மூன்று வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மருந்து அடிக்க வேண்டும். முட்டை மருந்தில் சாகாது, அது பொரிந்த பிறகு, இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து, மூட்டையாகக் கட்டாமல் பாலிதீன் பையில் போட்டு வைக்க வேண்டும். எதையும் பயந்து தெருவில் வீசக்கூடாது, வேறு யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கீபோர்டின் உறையைப் பெரிய பாலிதீன் பையில் போட்டு டேப் சுற்றி, மேலே இந்தியில் கொட்டை எழுத்தில் 'கட்மல்' என்று எழுதினோம். மூட்டைப்பூச்சிக்கு இந்தியில் அதுதான் பெயர்.

ஆனால் ரகசியமாக முடிக்கலாம் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. மருந்து அடிக்க வந்தவர் எங்கள் பிளாக்கின் கீழே நின்று, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி, "கட்மல் வாலா கர் கோன்சா ஹை?" என்று கூவினார். மூட்டைப்பூச்சி வீடு எது என்று. வராந்தாக்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மனைவிதான் வெளியே போய், அண்ணா, இந்த வீடுதான் என்று கை காட்டினாள். அவர் படியேறி வருவதற்குள் இரண்டாவது மாடி வீட்டுக்காரர் அவரை நிறுத்தி, தங்கள் வீட்டுக்கும் வர முடியுமா என்று கேட்டார். மூன்றாவது மாடியிலிருந்தும் ஒரு அம்மாள் இறங்கி வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பிளாக்கில் ஐந்து வீட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. எல்லாரும் சில மாதமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு போராடியிருக்கிறார்கள்.

கீபோர்டுக்குள் மருந்து அடிக்க முடியாது என்பதால் அதையும் சுற்றிக் கட்டிப் பல மாதம் தனியாக வைத்தோம். அத்தனை மாதமும் வாத்தியம் இல்லாமல்தான் பாடினோம். அண்ணாச்சி ஒரு நாள், பாட்டு இப்போ முன்னைவிட நல்லா இருக்கே என்றார். யாரும் மறுக்கவில்லை. என் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன்.

அதற்கு முன்பே, ஜூலை முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் மேல் பழி போட்டது நான்தான், போன் செய்ததும் நாற்காலி யோசனை சொன்னதும் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எவ்வளவோ வருடமாக சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக உள்ளங்கை வேர்த்தது. அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா தானாகவே எழுந்து, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, சொந்தக்காரர் யாரும் வரவில்லை, முதலில் மருந்து அடித்து முடிக்கட்டும், பிறகு வந்துவிடு என்றார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குடிவந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவளுடைய டிரங்குப் பெட்டியை நான்தான் நான்கு மாடி தூக்கிக்கொண்டு போனேன். அதையும் அவள் கீழேயே திறந்து, ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டிவிட்டுத்தான் ஏற்ற விட்டாள். யாரும் கேட்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மாடியில் பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே, அன்று எல்லார் முன்னாலும் சொன்னதைத் தனியாகவும் ஒரு தடவை சொன்னேன். உன்னை அப்படிச் சந்தேகப்பட்டிருக்கக்கூடாது தங்கச்சி என்றேன்.

அவள் ஈரமான கைப்பிடிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"சந்தேகம் எனக்குந்தான் வந்துச்சுண்ணா, உங்க மேல. அண்ணாச்சி வீட்டுக்கு முந்தின வாரமே அந்த ஜிப்புக்கிட்ட ரெண்டு புள்ளி பாத்தேன். வெறும் எண்ணெய்க் கறையா இருந்துச்சுன்னா, உங்க பேரு கெட்டுருமேன்னு சும்மா இருந்துட்டேன்."

அவள் ஒன்றும் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை; டியூட்டி நேரம் சொல்வதுபோல்தான் சொன்னாள். பிறகு பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டாள்.

இப்போதும் யாரைப் பற்றியாவது எனக்கு ஏதாவது தோன்றி, கை போனை நோக்கிப் போகும்போதெல்லாம், அந்த ஒரு வாரம் அவளுக்குச் சந்தேகம் இருந்தும் வாயைத் திறக்காமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது; அதற்குப் பிறகு நான் போன் செய்யாமல் விட்டவை எத்தனையோ, அவற்றில் ஒன்றுக்காகக்கூட இதுவரை நான் வருத்தப்பட்டதில்லை.